ஒரு வெளிச்சுவருக்கு இரண்டு பட்டறைகள்

ஒருவழியாக எங்கள் அலுவலகக் கட்டடத்தின் வெளிச்சுவர் முடிவாகிவிட்டது. அதற்கு இரண்டு மதிப்பு மேலாண்மைப் பட்டறைகள் ஆயின. செலவுக்கேற்ற பலன் எதில் கிடைக்கும் என்று எல்லாத் தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் கூட்டம் அது. முதல் பட்டறையின் இரண்டு நாளும் வீண். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சுவர் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் செயல்பாட்டுப் பகுப்பாய்வு வரை சிக்கலே இல்லை. ‘வெயிலைத் தடு’, ‘வெளிச்சம் கொடு’ என்று சீட்டுகளில் எழுதி ஒட்டினோம். சுவர் வகைகளுக்கு மதிப்பெண் போடும்போதுதான் கெட்டது. ஒருங்கிணைப்பாளர் எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். உரிமையாளர் தரப்பின் மூத்தவர் முந்திக்கொண்டு, “முழுக் கண்ணாடிக்கு ஒன்பது” என்றார். அப்புறம் எட்டு, ஒன்பது, எட்டு என்றே வந்தது. என் பக்கத்தில் இருந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தன் தாளில் 4 என்று எழுதியிருந்தார். அவர் முறை வந்ததும் அதை அடித்துவிட்டு “ஏழு” என்றார். கண்ணாடி ஜெயித்தது.

மறுவாரம் பராமரிப்புப் பொறுப்பாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இதைத் துடைக்கிற ஆள் எங்கே நிற்பான்?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அவரைப் பட்டறைக்கு நாங்கள் அழைக்கவே இல்லை, அளவுகோல் பட்டியலிலும் பராமரிப்பு இல்லை. கட்டடத்தை நாளைக்கு வைத்துப் பார்க்கப்போகிறவர் வராவிட்டால், தயவுசெய்து தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டாவது முறை நாமினல் குரூப் முறைக்கு மாறினோம். முதலில் அவரவர் பேசாமல் எழுத வேண்டும், பிறகு வரிசையாகப் படிக்க வேண்டும், விவாதம் அதற்கப்புறம்தான். எந்த அளவுகோல் எவ்வளவு முக்கியம் என்று எடை போட, தாமஸ் சாட்டியின் ஏ.எச்.பி. (பகுப்பாய்வுப் படிநிலை) முறையில் அவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட்டோம். எட்டு அளவுகோல் என்றால் 28 ஒப்பீடு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அதைச் செய்தது தப்பு. ஒருவரின் ஒப்பீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் முரண்பாட்டு விகிதம், பாதிப் பேருக்கு 0.10 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. ஒன்றோடொன்று ஒட்டியவற்றைச் சேர்த்து ஆறாக்கினோம். ஒப்பீடு 15 ஆனது. மறுநாள் காலையில் செய்தோம், விகிதம் கட்டுக்குள் வந்தது.

இன்னொரு பொறி: சராசரி. தோற்றத்தைவிடப் பராமரிப்பு 5 மடங்கு முக்கியம் என்றார் ஒருவர். இல்லை, தோற்றம்தான் 5 மடங்கு என்றார் இன்னொருவர். 5, 1/5 இரண்டுக்கும் எங்கள் விரிதாள் சாதாரண சராசரி போட்டு, பராமரிப்புக்கு 2.6 என்றது. திருப்பிக் கேட்டால் தோற்றத்துக்கும் அதே 2.6! இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பெருக்கல் சராசரி (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது) போட்டால் சரியாக 1 வரும், அதாவது இரண்டு அளவுகோலும் சமம். ஒப்பீடுகளைச் சேர்க்க அதைத்தான் பயன்படுத்துங்கள்.

நிழல்தடுப்பு வைத்த ஜன்னல் சுவர் ஜெயித்தது. பராமரிப்பின் எடையைப் பாதியாக்கிப் பார்த்தோம், வரிசை மாறவில்லை. மூத்தவரும் கையெழுத்துப் போட்டார். தாள்களைச் சேகரித்தபோது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையதைப் பார்த்தேன்: கண்ணாடிக்கு நேரே அதே 4, அடிக்கப்படாமல்.