உப்புப் பூத்த தொட்டி

காலையில் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் கவனித்தேன். தொங்கும் தொட்டியின் மண்மேல் வெள்ளையாக ஒரு படலம். விரலால் சுரண்டினால் பொருக்காகப் பெயர்ந்து வருகிறது.

ஊதாவும் வெள்ளிக் கோடுமாகத் தொங்கிய டிரடெஸ்கான்சியா என்கிற அழகுக் கொடி. இப்போது இலை நுனியெல்லாம் தீய்ந்து பழுப்பு.

நிறம் மங்குகிறதே என்று வாராவாரம் திரவ உரம் ஊற்றியது நான்தான். அந்த உரத்தின் உப்புதான் மேலே பூத்து, நுனியையும் தீய்த்திருக்கிறது. அதற்குப் பசியே இல்லை, வெளிச்சம்தான் போதவில்லை. உரத்திலிருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் கொடி நீளும், பச்சை ஏறும், ஊதா வராது.

முகம் வாடிய யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டியா?" என்று கேட்கிற புத்தி. செடியிடமும் அதையே காட்டியிருக்கிறேன்.

மேல்மண்ணை வழித்துவிட்டு, அடித்துளை வழியே ஓடும்வரை தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஜன்னலோரம் மாற்றியாயிற்று.

உரம் இனி துளிர்க்கும் பருவத்தில் மட்டும். மாதம் ஒருமுறை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதி, அதுவும் ஈர மண்ணில்.

கருகிய இலைகளை மட்டும் இன்னும் வெட்டவில்லை.