டூர் பில்

சின்ன ஊர் லாட்ஜ்களில் அறையைக் காலி செய்யும்போது கவுண்டரில் இருப்பவர் கேட்பார்: "பில் எவ்வளவுக்குப் போடட்டும் சார்?" சர்வீஸ், விற்பனை என்று ஊர் சுற்றியவர்களுக்கு இது பழகிய கேள்வி. நான் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தபோது, அதற்கான பதில்கள் மாதக் கடைசியில் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வந்துவிடும்.

கம்பெனி தரும் அறை வாடகைக்கு வரம்பு ஒரு நாளைக்கு 900 ரூபாய். தேனி ஆனாலும் திருவண்ணாமலை ஆனாலும் எல்லா பில்லும் 900தான். கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலையில் அந்தக் காசுக்கு வராந்தாகூடக் கிடைக்காது. தேனியில் அதில் பாதிக்கே நல்ல அறை. ஓர் ஊரில் மிச்சம் பிடித்து இன்னோர் ஊரில் விட்டதைச் சரிக்கட்டினார்கள். மேலிடம் இதைத் திருட்டு என்றது. எனக்கு அப்படிப் படவில்லை. டீ, ஷேர் ஆட்டோ, கட்டணக் கழிப்பறை, மோட்டாரைத் தூக்கி இறக்கியவருக்குக் கொடுத்த காசு எதற்கும் ரசீது கிடையாதே! எல்லாம் அந்த 900க்குள்தான் ஒளிந்திருந்தது.

வரிக்காகத்தான் பில் கேட்கிறோம் என்பார்கள். பாதி உண்மை. கேரளத்து லாட்ஜ் போடும் ஜிஎஸ்டியை, தமிழ்நாட்டில் மட்டும் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்ளவே முடியாது. அந்த பில்லுக்காக ஒரு டெக்னீஷியனை ஏன் அலைக்கழிக்க வேண்டும்?

இதில் மத்திய அரசு எங்களைவிடத் தாராளம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலையில் வந்த பயணப்படி உத்தரவில், எட்டாம் சம்பள நிலை வரையுள்ள ஊழியர்கள் எங்கே, எத்தனை நாள் தங்கினோம் என்று தாங்களே எழுதிக் கையெழுத்திட்டால் போதும், ரசீது வேண்டாம். அந்த உத்தரவின்போது 6 முதல் 8ஆம் நிலை வரை தங்க ஒரு நாளைக்கு 750 ரூபாய். பெருநகரங்களில் 1,000 வரை கேட்டால் மட்டும் ரசீது. எட்டாம் நிலைக்கு மேலுள்ள அதிகாரிகள் ஹோட்டல் பில் வைத்தாக வேண்டும். தனியாரில் தலைகீழ். மேலாளர் கம்பெனி கார்டைத் தேய்த்துவிட்டு வருவார், யாரும் கேட்கமாட்டார்கள். டெக்னீஷியனின் டீக்கு விசாரணை.

ஆனாலும் பில்லைவிட எனக்கு உறுத்தியது அட்வான்ஸ் கொடுக்காததுதான். கையில் காசு கொடுக்காமல் அனுப்பி, மாதம் முடிந்து பில் வாங்கி, அடுத்த மாதம் பாதியில் செட்டில் செய்வோம். இருபதாயிரம் சம்பளக்காரர் வட்டியில்லாமல் கம்பெனிக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏமாற்றுவார்களோ என்ற பயம் எங்களுக்கு. காசு எப்போது வருமோ என்ற பயம் அவர்களுக்கு. இதில் யார் யாரை நம்பினார்கள்?

அரசு உத்தரவைக் காட்டி நிர்வாகத்திடம் பேசினேன். டெக்னீஷியன்களுக்கு ஊருக்கேற்ற நாள்படி, கிளம்பும் முன்பே வங்கிக் கணக்கில். சரி என்றார்கள். மறு மாதமே என் மேஜையில் பாதிக் காகிதம் குறைந்தது. மேலாளர்களிடமும் பில் கேட்கலாம் என்ற இரண்டாவது யோசனையை மட்டும், "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு மேலாளரிடமே கொடுத்தார்கள்.