லேன் திறந்த நேரம்

குமாரபாளையம்–செங்கப்பள்ளி நாலுவழிச் சாலையில், சாயங்கால நெரிசலில் ஒரு லோடு லாரி அச்சு முறிந்து இடது லேனில் நின்றுவிட்டால், பாதி ரோடு போனதாகத்தான் தோன்றும். போவது பாதிக்கும் மேலே. ஒரு திசையின் இரண்டு லேனில் ஒன்று அடைபட்டால், வழக்கமாகப் போகக்கூடியதில் சுமார் 35 சதவீதமே கடக்கும். வண்டிகள் முண்டியடித்து ஒதுங்குவதும், வேடிக்கை பார்க்க வேகம் குறைப்பதும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

கணக்குக்காக, மணிக்கு 3,600 வண்டி போகக்கூடிய திசையில் 2,000 வருவதாக வைப்போம். அடைப்பைத் தாண்டுவது 1,260. ஒரு மணி நேரம் நீடித்தால் 740 வண்டி தேங்கும். லேன் திறந்த பிறகும் வரிசை கலைய 28 நிமிடம் பிடிக்கும். எல்லா வண்டிக்கும் சேர்த்து இழப்பு சுமார் 540 மணி. அரை மணியில் எடுத்துவிட்டால் 135தான். நேரம் பாதியானால் இழப்பு கால்வாசி ஆகிறது. கிரேனுக்கும் நெடுஞ்சாலை ரோந்து வண்டிக்கும் ஆகும் செலவுக்கு இதுதான் முதல் நியாயம்.

அந்தச் செலவைக் குறைத்துப் போடுவதும் வழக்கம். ரோந்து வண்டியில் ஓர் ஆள் இடத்தை இரவு பகலாக நிரப்ப வாரம் 168 மணி வேலை. ஒருவர் செய்வது 48 மணி. மூன்றரை ஆள், லீவைச் சேர்த்தால் நாலு ஆள் சம்பளம். வரவுப் பக்கத்தில் எப்படியும் வந்திருக்கும் 108 ஆம்புலன்ஸின் பலனை ரோந்தின் கணக்கில் ஏற்றக் கூடாது.

ரோந்தின் பதிவேட்டில் தகவல் வந்த நேரமும் போய்ச் சேர்ந்த நேரமும் ஒழுங்காக இருக்கும். லேன் திறந்த நேரம்தான் காலியாகக் கிடக்கும். பலன் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பத்துச் சக்கர லாரி முழு லோடில் 28.5 டன். 20 டன் கிரேன் போய் நின்று கையைப் பிசையும். கிரேனின் தூக்கும் கை நீள நீள அதன் பலமும் குறையும். லோடை இறக்க ஆள் தேடுவதற்குள் அந்த ஒரு மணி ஓடிவிடும். அதனால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணுக்கு அழைப்பு வந்ததுமே கேட்க வேண்டும்: என்ன லோடு, எத்தனை டன், நிற்கிறதா சாய்ந்ததா? நாமக்கல் கேஸ் டேங்கர் என்றால் நிமிடக் கணக்கே வேண்டாம், கசிவு பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

நள்ளிரவில் மணிக்கு 900 வண்டிதான் என்றால் வரிசையே சேராது. தாமதக் கணக்கில் ரோந்தின் பலன் பூஜ்யம். அதைக் காட்டி இரவு ஷிப்டை வெட்டுவது பெரிய தப்பு. விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் கார் போய்ச் செருகுவது அந்த நேரத்தில்தான். டிரைவர் அடையாளத்துக்குக் கல்லும் வேப்பங்கிளையும் வைத்திருப்பார்; வண்டி சரியானதும் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். ரோந்து வண்டி அந்தக் கல்லையும் பொறுக்கி ஓரம் போட்டால்தான், விடிகாலை மில் ஷிப்டுக்கு டூவீலரில் போகிறவர் அதில் ஏறி விழாமல் போய்ச் சேர்வார்.