ஊரில் பிறந்த பிள்ளையை ஷார்ஜாவுக்குக் கூட்டிப்போன கதை

கீழக்கரையில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். அதனால் அமீரகத்தில் உள்ள ஷார்ஜாவில் மாப்பிள்ளையோடும் (என் கணவர்) மூத்த மகளோடும் குடியிருந்தாலும், இரண்டாவது பிரசவத்துக்கு உம்மாவிடம் வந்துவிட்டேன். பிறந்தவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க என்னென்ன வேண்டியிருந்தது என்பதை, என்னைப் போல சபுராளி (வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்) வீட்டுப் பெண்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை பிறப்புச் சான்றிதழ். பிறந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை விட்டுவிட்டுப் பதிந்து, ஒரு வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பாஸ்போர்ட் எடுக்க வேண்டிய பிள்ளைக்கு அந்தத் தாமதம் வேண்டாம். ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்ததும் கொடுத்துவிடுங்கள். வாப்பா, உம்மா பெயர்கள் இருவருடைய பாஸ்போர்ட்டிலும் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். முகம்மது என்ற பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஓர் எழுத்து மாறினாலும் விசா நேரத்தில் கேள்வி வரும்.

அப்புறம் இனிஷியல். நம் பக்கம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொள்வோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுவோம். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசா கிடையாது என்று அறிவித்தபோது நிறையப் பேர் தவித்தார்கள். கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினாலும், எதற்கு வம்பு? மகனுக்கு வாப்பா பெயரை அந்தக் கட்டத்தில் முழுதாக எழுதினோம். எல்லோரும் இப்படிச் செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் 1000 ரூபாய், எட்டு வயதுக்குள் இருந்தால் அதில் பத்து சதவீதம் தள்ளுபடி. பாஸ்போர்ட் ஐந்து வருடம் செல்லும். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும். வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும். வெள்ளை வேட்டியை விரித்துக் கைக்குழந்தையைக் கிடத்தி, அவன் விழிக்கும் நேரம் பார்த்து மேலிருந்து எடுத்தோம்.

பெரிய வேலை மாப்பிள்ளையின் சம்மதம்தான். தாய், தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) போட்டு, அசலை ஊருக்கு அனுப்ப வேண்டும். அதனால் பிரசவத்துக்கு முன்பே வாசகத்தைத் தயார் செய்து வைத்திருந்தோம். பெயரும் பிறந்த தேதியும் மட்டும் பாக்கி. பிள்ளை பிறந்ததும் அவர் லீவு போட்டுப் போய் முடித்துவிட்டார்.

அடுத்தது அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசு அலுவலகங்களில் முத்திரை வாங்குவது. பிறப்புச் சான்றிதழில் மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவுத் துறை என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். சவூதிக்கு 2022 டிசம்பரிலிருந்து, தூதரக முத்திரை தேவைப்படாத அப்போஸ்டில் முறை வந்துவிட்டது. அமீரகத்துக்கு அது செல்லாது. சான்றிதழைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், முத்திரை குத்த வழியில்லாமல் போகும். நிக்காஹ் பள்ளிவாசல் தஃப்தரில் (பதிவேட்டில்) இருந்தால் மட்டும் போதாது, சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழும் அட்டெஸ்ட் ஆகியிருக்க வேண்டும். எங்களுக்கு அது மூத்தவளுக்காக எடுத்ததே இருந்தது. குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய மாதம் 4000 திர்ஹம் சம்பளம், அல்லது 3000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். புதிதாக வேலைக்குப் போகும் தம்பிமார் இதைத் தெரிந்துகொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த அலைச்சலைவிட, வாப்பா போனில் மட்டும் பிள்ளையைப் பார்த்த மாதங்கள்தான் கடினம். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து அழைக்கும்போது மகன் தூங்கியிருப்பான். உம்மா அவனை எழுப்பாமல், முகத்துக்கு நேரே போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

விசா வந்ததும் மதுரையிலிருந்து துபாய்க்குப் பறந்தோம். கைப்பையில் தடுப்பூசி அட்டையை அவசியம் வையுங்கள். அங்கே முதல் தடவை டாக்டரிடம் போகும்போதே கேட்பார்கள். உம்மா கொடுத்த தொதல் இனிப்பைப் பெட்டியில் வைத்துவிடலாம், இந்த அட்டை மட்டும் கையிலேயே இருக்கட்டும்.