மிர்ரர் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு பேக்கப்?

ஷெட்யூலர் டேட்டா இன்னொரு இடத்துலயும் அப்பப்பவே அப்படியே காப்பி ஆகுதே (அதான் மிர்ரர்)ன்னு இப்படிக் கேக்குற மேனேஜர் எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தர் இருப்பார், பேட்ச் சப்போர்ட்ல, அதாவது தானா ஓடுற ஜாப்களப் பாத்துக்குற வேலைல, நைட் ஷிஃப்ட் பாக்குறவங்களுக்கு நல்லாவே தெரியும். ஆட்டோசிஸ்ல (எந்த ஜாப் எப்ப ஓடணும்னு பாத்து ஓட்டுற ஷெட்யூலர் சாஃப்ட்வேர்) டூயல் ஈவென்ட் சர்வர்னு ஒண்ணு இருக்கு, ஜாப் டெஃபனிஷன், ஈவென்ட், ஸ்டேட்டஸ் எல்லாமே ரெண்டு டேட்டாபேஸ்லயும் சேர்ந்தே எழுதும், ஒண்ணு மண்டையப் போட்டா இன்னொண்ண வச்சு வண்டி ஓடும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லல. ஆனா எவனோ அர்த்தராத்திரில தப்பான பாக்ஸ (பல ஜாப் சேர்ந்த தொகுப்பு) டெலீட் பண்ணிட்டான்னா அந்த டெலீட்டும் ரெண்டுலயும் அழகா எழுதிடும்.

லினக்ஸ்ல இருக்குற சின்ன ஷெட்யூலர் க்ரான்லயே பாருங்களேன். க்ரான்டாப்ல, அதாவது அதோட ஜாப் லிஸ்ட மாத்துற கமாண்டுல, எடிட் பண்ண மைனஸ் இ, அழிக்க மைனஸ் ஆர், கீபோர்டுல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. ஆர் அடிச்சா "நிஜமாவா?"ன்னு ஒரு வார்த்தை கேக்காது, மொத்தமும் காலி. அந்த லிஸ்ட் இருக்குற ஃபோல்டர ஆர்சிங்க்ல (ஃபைல் காப்பி பண்ற டூல்) இங்க இல்லாதத அங்கயும் அழிக்கிற டெலீட் ஆப்ஷன் போட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ இன்னொரு சர்வருக்கு மிர்ரர் பண்ணிட்டு இருந்தீங்கன்னா அடுத்த அஞ்சாவது நிமிஷம் அங்கயும் காலி. அதுக்குத்தான் தேதி போட்ட காப்பி வேணும்ங்கிறது. ஆர்சிங்க்லயே லிங்க் டெஸ்ட் ஆப்ஷன் இருக்கு, மாறாத ஃபைலுக்கு ஹார்ட் லிங்க் மட்டும் போடும், அதாவது புதுசா காப்பி எடுக்காம போன காப்பில இருக்குற ஃபைலையே காட்டும், டிஸ்க்கும் ரொம்பாது.

சரி, காப்பி இருக்கு, ரீஸ்டோர் பண்ணிடலாம்னு உடனே இறங்கிடாதீங்க. ஷெட்யூலர் டேட்டாவுல டெஃபனிஷன் பாதிதான், எது ஓடிச்சு எது ஓடலங்கிற ஸ்டேட்டஸ் மீதி பாதி. ராத்திரி 2 மணிக்கு டேட்டாபேஸ் போகுது, 10 மணி பேக்கப்ப ஏத்துறீங்க, நடுவுல ஓடி முடிஞ்ச ஜாப் எல்லாம் ஷெட்யூலரைப் பொறுத்தவரை இன்னும் ஓடவே இல்ல, எழுந்த உடனே திரும்ப ஓட்டும். வட்டி ரெண்டு தடவ ஏறினா கஸ்டமர் வாயே திறக்க மாட்டார், இஎம்ஐ ரெண்டு தடவ புடிச்சா? அதனால ஷெட்யூலர க்ளோபல் ஆட்டோ ஹோல்ட்ல (ஓட வேண்டிய ஜாப் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கும்) எழுப்புங்க, ஏஜென்ட் மெஷின்ல (ஜாப் நிஜமா ஓடுற மெஷின்) இருக்குற லாக்கைப் பாத்து எது முடிஞ்சதுன்னு உறுதி பண்ணிட்டு ஒண்ணொண்ணா விடுங்க. ஹோல்டுக்குப் பதிலா ஐஸ் போட்டுடாதீங்க, ஐஸ்ல இருக்குற ஜாப் முடிஞ்ச மாதிரின்னு எடுத்துக்கிட்டு பின்னாடி இருக்குறதெல்லாம் ஓட ஆரம்பிச்சிடும்.

பெருசா சொல்றேன்னு நினைச்சா 2012 ஜூன்ல ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாண்ட்ல நடந்ததப் படிங்க. பேட்ச் ஷெட்யூலர அப்கிரேட் பண்ணாங்க, சரியா வரலன்னு பழசுக்குத் திரும்பினாங்க, அப்படித் திரும்பினதுதான் ஒத்துப்போகல. 65 லட்சத்துக்கு மேல கஸ்டமருக்கு பாதிப்பு, 2014 நவம்பர்ல 5.6 கோடி பவுண்டு அபராதம். பின்னாடி போற வழியையும் டெஸ்ட் பண்ணனும்னு சொன்னா நம்ம ஆளுங்க டெஸ்ட் சர்வருக்கு பட்ஜெட் இல்லம்பாங்க, அது தனிக் கதை.

இன்னொண்ணு, ஷெட்யூலரோட பேக்கப் ஜாப்ப அதே ஷெட்யூலர்ல போட்டு வச்சிருக்கீங்களான்னு பாருங்க, நிறைய இடத்துல அப்படித்தான் இருக்கு, ஷெட்யூலர் படுத்தா பேக்கப்பும் படுத்துடும். வேற மெஷின்ல ஒரு சாதா க்ரான்ல போடுங்க, அதுலயே ஃபைல் சைஸையும் செக் பண்ண வைங்க. டிஸ்க் ரொம்பிட்டா டம்ப் (பேக்கப் ஃபைல்) ஜீரோ பைட்டா உக்காந்திருக்கும், பேர்ல தேதி மட்டும் பளிச்சுனு இருக்கும், 30 நாளுக்கு மேல ஆனத அழிக்கிற ஸ்கிரிப்ட் பாட்டுக்கு நல்ல காப்பியா பாத்து தூக்கிட்டுப் போயிட்டே இருக்கும்.