ஹூசவீக்கில் நான்கு நாட்கள்

2016-ஆம் ஆண்டு பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது மணப்பாடு கடற்கரையில் திமிங்கலங்கள் ஒதுங்கிய செய்தி வந்தது. எண்பதுக்கும் மேல் என்றார்கள். எங்கள் பள்ளியின் தாவரவியல் ஆசிரியையும் நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடியும் முன்பே மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரும்பாலானவை இறந்திருந்தன. மீனவர்கள் படகில் இழுத்துச் சென்று ஆழத்தில் விட்டவைகூடத் திரும்பவும் கரைக்கே வந்தன என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். உயிரோடு கிடந்த ஒன்றின் அருகில் ஈரமணலில் உட்கார்ந்தேன். தலைமேல் இருந்த மூச்சுத்துளை திறந்தது, மூடியது. அடுத்த மூச்சு வரும்வரை எண்ணினேன். நாற்பது. அடுத்தது ஐம்பத்தைந்து. அதற்கடுத்ததை எண்பதுவரை எண்ணிவிட்டு எழுந்துவிட்டேன்.

29 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவள் நான். பாலூட்டிகள் பாடத்தில் திமிங்கலத்தைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஆனால் என் கண்ணால் பார்த்தவை அந்த மணலில் கிடந்தவை மட்டுமே. அதனால்தான், கோபன்ஹேகனில் இருக்கும் மகள், "இந்தக் கோடைக்கு எங்கே போகலாம், அம்மா?" என்று கேட்டபோது யோசிக்காமல் சொன்னேன்: திமிங்கலம் கடலில் நீந்துவதைப் பார்க்க வேண்டும். மருமகன் தேடிப் பிடித்த ஊர் ஹூசவீக். ஐஸ்லாந்தின் வடகரையில் இருக்கிறது. 2,500 பேர்கூட இல்லாத ஊர். எங்கள் புதூரில் நான்கைந்து தெருக்களின் மக்களைக் கூட்டினால் அந்தக் கணக்கு வந்துவிடும். "அந்தச் சின்ன ஊரில் நான்கு நாள் என்னதான் செய்தீர்கள்?" என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், போக நினைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் ஐஸ்லாந்தும் ஒன்று, அதற்கான விசா போதும். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து காரில் ஒரு முழு நாள் பயணம். வடபகுதியின் பெரிய ஊரான அக்குரேரியைத் தாண்டியதும் ஏழரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சுரங்கப்பாதை வருகிறது. இதைத் தோண்டும்போது ஒரு பக்கம் மலைக்குள்ளிருந்து வெந்நீர் பீறிட்டதாம், மறுபக்கம் குளிர்ந்த நீர் வெள்ளமாக வந்ததாம். அதனாலேயே வேலை ஆண்டுக்கணக்கில் தாமதப்பட்டதாம். அந்த நாட்டில் எங்கே தோண்டினாலும் பூமி ஏதாவது ஒரு பதில் சொல்லும் என்பது அடுத்த நாளே ஹூசவீக்கிலும் எங்களுக்குத் தெரிந்தது.

ஊரின் வடக்கு ஓரத்தில், குன்றின் விளிம்பில், ஜியோசீ என்ற வெந்நீர்க் கடற்குளியல் இடம் இருக்கிறது. 2018-இல் திறந்தார்கள். ஆனால் அதன் கதை பழையது. போன நூற்றாண்டின் நடுவில் வீடுகளைச் சூடாக்க வெந்நீர் தேடி அங்கே துளையிட்டார்கள். வெந்நீர் வந்தது, ஆனால் உப்பும் தாதுக்களும் கலந்த கடல்நீராக வந்தது. குழாய்களுக்கு ஆகாது என்று விட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. பாலாடைக்கட்டி செய்யும் பழைய தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதில் அந்த நீரை நிரப்பி, குளித்துக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோல் நோய் உள்ளவர்கள் அங்கே தேடிப் போவார்களாம். இன்றைய அழகான குளங்களெல்லாம் அந்தத் தொட்டிக்குப் பிறந்தவை.

நீர் 38, 39 டிகிரி. சித்திரை மாதத்தில் மதுரைக் காற்று இருக்கும் அதே சூடு. தலைக்கு மேல் எட்டு டிகிரிக் காற்று வீச, கழுத்துவரை அந்த நீரில் அமிழ்ந்திருப்பது என் முழங்கால் வலிக்கு எந்தத் தைலமும் தராத சுகத்தைத் தந்தது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குளத்தில் இறங்கும் முன்பு பெண்கள் பெண்களுக்கான அறையிலும், ஆண்கள் ஆண்களுக்கான அறையிலும், ஆடை முழுவதையும் களைந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகே நீச்சலுடை அணிய வேண்டும். ஐஸ்லாந்தின் எல்லாப் பொதுக் குளங்களிலும் இதுதான் நடைமுறை. குளத்து நீர் சுத்தமாக இருக்க எல்லோரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். நம் பெண்கள் இதை நினைத்து அங்கே போகாமல் இருந்துவிடக் கூடாது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

ஊரின் பெயருக்கு 'வீடுகளின் வளைகுடா' என்று பொருள். சுமார் 870-இல் கார்தார் ஸ்வாவர்சன் என்ற ஸ்வீடன்காரர் இங்கே கப்பலை நிறுத்தி, வீடு கட்டி, ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்கிறார். அவர் கிளம்பும்போது நாத்ஃபாரி என்ற ஒருவன் பின்தங்கி இங்கேயே தங்கிவிட்டான். நாட்டின் முதல் குடியேறி என்று பாடப்புத்தகங்கள் வேறொருவரைச் சொல்கின்றன. ஹூசவீக் மக்களுக்கு அதில் இன்றும் வருத்தம் இருக்கிறது. எனக்கும் நாத்ஃபாரி பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

துறைமுகத்துக்கு நேர் மேலே 1907-இல் கட்டிய மரத்தேவாலயம் நிற்கிறது. வெள்ளைச் சுவர்கள், கூர்மையான கோபுரம். உள்ளே பலிபீடத்தின் பின்னால் லாசரு உயிர்த்தெழும் ஓவியம். அதிலுள்ள நிலக்காட்சி ஐஸ்லாந்துடையது. முகங்கள் அந்த ஊர்க்காரர்களுடையவை என்று சொன்னார்கள். நம் கோயில் சுதைகளில் ஸ்தபதி ஊர்க்காரர் ஒருவரின் சாயலை வைத்துவிடுவார் இல்லையா, அதைப் போல.

இப்போது திமிங்கல அருங்காட்சியகம். திமிங்கலம் பார்க்கப் படகில் ஏறும் முன்பு இங்கே போய்விடுங்கள், தயவுசெய்து. படகை முதலில் பார்த்துவிட்டு மழை நாளுக்கு இதை ஒதுக்கிவைப்பவர்களே அதிகம். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. முன்பு இறைச்சிக்கூடமாக இருந்த கட்டிடம். ஒரு கூடத்தில் வரிசையாகத் திமிங்கல எலும்புக்கூடுகள் தொங்குகின்றன. வால்பக்கத்திலிருந்து தலைப்பக்கம் வரை அவற்றின் அடியில் நடக்கலாம். துடுப்பைப் பார்த்தவுடன் பேத்தியைக் கூப்பிட்டேன். "எண்ணிப் பார், உன் கையில் இருக்கும் அதே எலும்புகள். மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள்." கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! பின்னங்கால்கள் மறைந்துபோன இடத்தில், உடலோடு ஒட்டாமல் தனியே தொங்கும் சிறு இடுப்பெலும்பையும் காட்டினேன். நிலத்தில் நடந்த காலத்தின் மிச்சம் அது. ஒன்பது வயதுக் குழந்தை அதன் அடியிலேயே வெகுநேரம் நின்றாள்.

நீலத்திமிங்கலத்துக்குத் தனி அறை. 2010-இல் வடகரையில் ஒதுங்கியது, 25 மீட்டர் நீளம். எங்கள் பள்ளியின் மூன்று வகுப்பறைகளை இணைத்தாலும் அதற்கு இடம் போதாது. இன்னோர் அறை வேட்டையைப் பற்றியது. அந்த நாட்டில் திமிங்கல வேட்டை இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதை மறைக்காமல் ஈட்டியையும் பழைய படங்களையும் வைத்திருக்கிறார்கள். 1995-இல் பழைய ஓக்மர மீன்பிடிப் படகுகளைச் செப்பனிட்டுச் சுற்றுலாவுக்கு விடத் தொடங்கிய பிறகு, உயிரோடு நீந்தும் திமிங்கலம்தான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது.

விண்வெளி வீரர்களுக்கான சிறு அருங்காட்சியகமும் உண்டு. 1965-லும் 1967-லும், நிலவுப் பயணத்துக்கான அப்பல்லோ திட்டத்தின் வீரர்கள் இந்தப் பகுதியின் எரிமலை நிலத்தில் பாறைகளைப் பற்றிப் பயிற்சி பெற்றார்கள். ஆம்ஸ்ட்ராங்கும் வந்திருக்கிறார். மருமகனுக்கு அது மிகவும் பிடித்தது. ஒரு நாள் காரில் டெட்டிஃபோஸ் அருவிக்கும், குதிரைக் குளம்பு வடிவத்தில் இருக்கும் ஆஸ்பிர்கி பள்ளத்தாக்குக்கும் போய் வந்தோம். ஓடின் என்ற தேவனின் எட்டுக்கால் குதிரை மிதித்த தடம் என்று அந்தப் பள்ளத்தாக்கைச் சொல்கிறார்கள். நம் யானைமலைக்கும் நாகமலைக்கும் சொல்லும் கதைகளோடு சேர்த்துவைக்கத் தக்கது.

ஊருக்குப் பின்னால் உள்ள போட்ன்ஸ்வாட்ன் ஏரியைச் சுற்றி நடந்தது இன்னும் நினைவில் நிற்கிறது. மலைச்சரிவெங்கும் ஊதா நிறத்தில் லூபின் பூக்கள். பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் அது அந்த மண்ணின் செடி இல்லை. மண்ணரிப்பைத் தடுக்க 1945-இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்த விதை. இன்று உள்ளூர்ப் பாசியையும் குறுஞ்செடிகளையும் மூடிக்கொண்டு பரவுகிறது. நம் கண்மாய்க்கரைகளில் சீமைக் கருவேலம் என்ன செய்ததோ அதேதான். தாவரவியல் ஆசிரியை உடன் வந்திருந்தால் அந்தச் சரிவில் ஒரு மணி நேரம் பாடம் நடந்திருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். ஓட்டல் விலை மிக அதிகம். சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்குங்கள். நாங்கள் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோயிருந்தோம். ஒரே ஒரு வேளை துறைமுகத்தில் மீன் சூப் குடித்தோம், அது போதுமான அளவு நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் படகு. மொத்தம் மூன்று மணி நேரம். தலைமுதல் கால்வரை மூடும் கனத்த உடையை அவர்களே தருகிறார்கள். குமட்டல் வரக்கூடியவர்கள் அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். வளைகுடாவின் பெயர் ஸ்க்யால்ஃபாந்தி, நடுங்குவது என்று பொருள். இரண்டு ஆறுகள் அதில் விழுகின்றன. அவை கொண்டுவரும் சத்தும், கோடையில் ஏறக்குறைய இரவே இல்லாத வெளிச்சமும் சேர்ந்து கடலில் நுண்ணுயிர்களைப் பெருக்குகின்றன. அவற்றைத் தேடிச் சிறு மீன்கள், அவற்றைத் தேடித் திமிங்கலங்கள். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலில் சேர மாட்டேன் என்று வைகை ராமநாதபுரம் கண்மாயோடு நின்றுவிட்டதாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆறு கடலுக்குள் போனால் என்ன விளையும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

வழிகாட்டிப் பெண் திசையைக் கடிகாரமாகச் சொன்னாள். படகின் மூக்கு பன்னிரண்டு மணி. முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு பேத்தி கத்தினாள்: "அம்மாச்சி! இரண்டு மணிப் பக்கம்!" தொலைவில் வெள்ளையாக ஒரு புகை எழுந்து கலைந்தது. படகு இஞ்சினைத் தணித்து நெருங்கியது. கூனல் திமிங்கலம். முதுகு கருப்பாக எழுந்து உருண்டது. சத்தத்தை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பெரிய துருத்தி ஒன்றை ஒரே அழுத்தாக அழுத்தினாற்போல், ஈரமான, ஆழமான மூச்சு. மீன்நாற்றம் கலந்த பனித்துளி முகத்தில் விழுந்தது. நான்கு முறை மூச்சு வாங்கியது. பிறகு முதுகை வளைத்து, வாலை நீர் சொட்டச் சொட்ட மேலே தூக்கி, செங்குத்தாக இறங்கியது. வாலின் அடிப்பக்கத்து வெள்ளைத் திட்டுகள் நம் கைரேகைபோல ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. அதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அவற்றை அடையாளம் காண்கிறார்கள்.

நீர்மேல் கண்ணாடிபோல ஒரு வட்டம் மட்டும் எஞ்சியது. எல்லோரும் அமைதியாக நின்றோம். எனக்குத் தெரியாமலே உதடுகள் அசைந்திருக்கின்றன.

"அம்மாச்சி, என்ன எண்ணுகிறீர்கள்?"

கையால் பொறு என்று காட்டினேன். நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து எண்ணத் தொடங்கினாள். முந்நூற்று எழுபத்திரண்டு என்று இருவரும் சொல்லும்போது, படகுக்கு இடப்புறம், மிக அருகில், அந்த மூச்சு வந்தது.