இருமவும் தசை வேண்டும்

என் மகனுக்கு டூஷென் தசைச்சிதைவு நோய். 11 வயதில் சக்கர நாற்காலிக்கு வந்தான். இப்போது 17 வயது. அவன் கால்களை நினைத்துத்தான் ஆண்டுக்கணக்கில் அழுதோம். இருமுவதற்கும் தசை வேண்டும் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாதாரணச் சளிதான் பிடித்தது. மூன்று நாள் தொண்டையில் களகளவென்று சத்தம்; துப்ப முடியவில்லை. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். விரலில் மாட்டிய கருவியில் எண் ஏறியதும் எல்லோரும் நிம்மதியடைந்தோம். அவனோ எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தான். மூச்சில் வெளியேறாத கார்பன் டைஆக்சைடு உடம்பில் தேங்குவதை அந்தக் கருவி காட்டாது என்று பிறகு பார்த்த நுரையீரல் மருத்துவர் சொன்னார். அடைத்த சளியை யாருமே எடுக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்த நுரையீரல் மருத்துவர்தான், ஆஸ்துமாக்காரர்கள் ஊதும், காற்று வெளியேறும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் இவனை இருமச் சொன்னார். நிமிடத்துக்கு 190 லிட்டர் காட்டியது. அது 270-க்குக் கீழே இருந்தால், சளி பிடிக்கும் நாளில் அது மேலும் இறங்கி 160-ஐத் தாண்டிக் கீழே போகலாம். அதற்குப் பிறகு சளி தானாக வெளியே வராது என்று விளக்கினார். நுரையீரலில் காற்றுக் கசிந்த வரலாறு உண்டா என்று கேட்டு, எக்ஸ்ரேயும் பார்த்த பிறகுதான் காஃப் அசிஸ்ட் என்ற இருமல் உதவிக் கருவியை எழுதிக்கொடுத்தார்.

அது சளியை உறிஞ்சும் இயந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் அது காற்றை உள்ளே தள்ளி நெஞ்சை நிறைக்கிறது. உடனே திசையை மாற்றி வேகமாக வெளியே இழுக்கிறது. நிறைய மூச்சு உள்ளே போகாமல் இருமல் வராது. இவனால் முடியாமல் போனது அதுவும்தான்.

முதல் நாள் மாஸ்க்கை வைத்ததும் பயந்து தொண்டையை இறுக்கிக்கொண்டான். பிசியோதெரபிஸ்ட் அவசரப்படவில்லை. குழாயின் காற்றை அவன் உள்ளங்கையில் பட வைத்தார், பிறகு கன்னத்தில். அடுத்து என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். நெஞ்சு தன் விருப்பமில்லாமல் விரிவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு ஒரு நாளும் அவனை அதட்டியதில்லை. 15 என்ற குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, மூன்று வாரத்தில் உள்ளே 40, வெளியே 40 வரை வந்தோம். ஒவ்வொரு படியும் மருத்துவர் சொல்லித்தான். ஐந்து மூச்சு, மாஸ்க்கை எடுத்துச் சளியைத் துடைத்தல், சற்று ஓய்வு, மறுபடி ஐந்து. எப்போதும் சாப்பாட்டுக்கு முன்புதான். காற்று வெளியே திரும்பும் கணத்தில் அவனும் இரும வேண்டும். அந்தக் கணத்தை நான் சொன்னபோது பிசகிக்கொண்டே இருந்தது. அவனே விரலசைத்துக் காட்டத் தொடங்கிய பிறகுதான் சரியாக அமைந்தது.

விலை லட்சக்கணக்கில். முதலில் வாடகைக்கு எடுத்தோம். பிறகு நகையை விற்று வாங்கினோம். வாங்க முடியாதவர்கள் கைவிட்டுவிட வேண்டாம். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையால் இரண்டு மூன்று தடவை மூச்சை வெளியே விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிரப்பி, இருமும்போது விலா எலும்புக்குக் கீழே கையால் அழுத்தும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். மின்சாரம் போன இரவுகளில் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

நன்றாக இருக்கும் நாளிலும் காலையும் இரவும் செய்கிறோம். மூச்சு திணறும்போது புதிதாக எதையும் கற்க முடியாது.

சென்ற மார்கழியில் மறுபடி சளி. ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் இரவு பகலாகக் காஃப் அசிஸ்டை வைத்தோம். அளவு ஏறாவிட்டால் கிளம்ப வேண்டும் என்று பையும் தயார். மூன்றாம் இரவு 91-லேயே நின்றது. காருக்குச் சொல்லிவிட்டு இன்னொரு சுற்று வைத்தேன். கெட்டியாக, மஞ்சளாக ஒரு சளிக்கட்டி மாஸ்க்கில் வந்து விழுந்தது. சற்று நேரத்தில் 96. "அம்மா, இன்னொரு தடவை" என்று அவனே விரலைத் தூக்கினான்.